கல்லறைத் திருநாளும் பிரிந்த சகோதரரும்



வருகிற வாரத்தில் மூன்று தேதிகள் ஒன்றன்பின் ஒன்றாய் வருகின்றன. அக்டோபர் 31-ந் தேதியை லூத்தரன் சபையார் சீர்திருத்தத் திருநாளாக ஆசரிக்கிறார்கள். நவம்பர் 1-ந் தேதி நமக்குச் சகல அர்ச்சியசிஷ்டவர்கள் திருநாள். நவம்பர் 2-ந் தேதி மரித்த விசுவாசிகளை நினைவுகூரும் நாள். நம் ஊர்ச் சிறு பிள்ளையும் அதைக் கல்லறைத் திருநாள் என்று அறிந்திருக்கிறது.

ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும் காலம் இது. குறுவை அறுத்து, சம்பா நடவு நடந்து, வாய்க்காலெல்லாம் தண்ணீர் ஓடுகிற சமயத்தில் நாம் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறோம். புல்லைச் செதுக்குகிறோம். மழையில் சரிந்த மண்ணை அணைத்து மேடு கட்டுகிறோம். சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். சுவாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்து வருகிறார். இவையெல்லாம் நம் பாட்டன் பூட்டன் காலத்து வழக்கம், புதிதல்ல.

புதியது வேறொன்று. அதே சாயங்காலத்தில் சி.எஸ்.ஐ. சபையாரின் கல்லறைகளிலும், லூத்தரன் சபையாரின் கல்லறைகளிலும் பூவும் மெழுகுவர்த்தியும் காண்கிறோம். கலப்பு மணம் நடந்த குடும்பங்களில், புரோட்டஸ்டாண்டு உறவினர் நம் கல்லறைத் தோட்டத்துக்கே வந்து நம்மோடு நிற்கிறார்கள். எந்த நாளை அவர்களுடைய முன்னோர் விலக்கினார்களோ, அந்த நாளில் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் மெழுகுவர்த்தியோடு வருகிறார்கள்.

இதைக் கண்டு நம்மவர் இரண்டு விதமாய்ப் பேசக் கேட்கிறோம். “பார்த்தீர்களா, கடைசியில் நம்மிடத்துக்கே வந்து சேர்ந்தார்கள்” என்று சிலர் மார்தட்டுகிறார்கள். “அதுவும் ஒன்றுதான், இதுவும் ஒன்றுதான்” என்று வேறு சிலர் தள்ளிவிடுகிறார்கள். முதற்சொல் பெருமையினால் வருகிறது. இரண்டாவது அசட்டையினால் வருகிறது. இரண்டும் திருச்சபையின் பேச்சு அல்ல. ஆகையால் இந்த வாரம் இதைப்பற்றிச் சற்றுப் பொறுமையாக யோசிப்போம்.

திருநாளுக்கு முந்தின நாள்

மேற்சொன்ன மூன்று தேதிகளும் தற்செயலாய் அடுத்தடுத்து விழவில்லை. ஜெர்மனி தேசத்து விட்டன்பெர்க் பட்டணத்தில் அரண்மனைக் கோவிலுக்குச் சகல அர்ச்சியசிஷ்டவர்களின் கோவில் என்றே பெயர். அந்நாட்டு அரசர் பிரெடெரிக் அங்கே அர்ச்சியசிஷ்டவர்களின் திருப்பண்டங்களைச் சேகரித்து வைத்திருந்தார். 1509-ம் ஆண்டில் அச்சிட்ட பட்டியலில் 5,000-க்கு மேற்பட்ட திருப்பண்டங்கள் கண்டிருந்தன. நவம்பர் 1-ந் தேதி அவற்றைத் தரிசித்துப் பலன் பெற ஜனங்கள் திரளாய் வருவார்கள்.

அந்தத் திருநாளுக்கு முந்தின நாள், 1517-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி, மார்ட்டின் லூத்தர் என்னும் அகுஸ்தீன் சபைத் துறவி, பலன்களைப்பற்றிய 95 வாக்கியங்களை எழுதி மயின்ஸ் நகர அதிமேற்றிராணியாருக்குக் கடிதத்தோடு அனுப்பினார். கோவில் கதவிலும் ஒட்டினார் என்பது வழங்கிவரும் வரலாறு. அவர் கேட்ட கேள்வி எதைப்பற்றியது? பணம் கொடுத்தால் உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்கள் விடுதலையாகும் என்று ஊர் ஊராய்ப் பிரசங்கித்துக் காசு வசூலித்ததைப்பற்றியதே. பின்னால் அவர் எங்கெங்கோ சென்றார். அவற்றை நாம் ஏற்பதில்லை. ஆனால் முதற் கேள்வி, மரித்தோரின் பேரால் நடந்த வியாபாரத்தைப்பற்றியது என்பதை நாம் மறைக்கலாகாது.

மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை. திரிதெந்தின் பொதுச் சங்கம் 1563-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் உத்தரிக்கிற ஸ்தலத்தைப்பற்றிய சத்தியத்தை உறுதிப்படுத்தியபோதே, அதில் மூடநம்பிக்கையும் இழிவான லாபமும் நுழையவிடாமல் தடுக்கவேண்டுமென்று மேற்றிராணிமாருக்குக் கட்டளையிட்டது. 1567-ம் ஆண்டில் ஐந்தாம் பத்திநாதர் பாப்பரசர் பணத்தோடு சேர்ந்த பலன்களை ஒழித்தார். வீட்டுக்குள் குப்பை இருந்தது. திருச்சபையே விளக்குமாற்றை எடுத்தது. ஆனால் அதற்குள் பிள்ளைகளில் பலர் வீட்டைவிட்டுப் போய்விட்டார்கள்.

விளக்கை அணைத்த காலம்

போனவர்கள் எல்லாரும் ஒரே தூரம் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். லூத்தர் வழியார் கர்த்தர் பிறந்த திருநாளையும், பாஸ்குத் திருநாளையும், தேவமாதாவுக்கு மங்கள வார்த்தை சொன்ன நாளையும் வைத்துக்கொண்டார்கள். 1530-ம் ஆண்டு அவர்கள் அவுக்ஸ்புர்க் பட்டணத்தில் கொடுத்த விசுவாச அறிக்கையில், அர்ச்சியசிஷ்டவர்களை நினைவுகூர்ந்து அவர்களுடைய விசுவாசத்தைப் பின்பற்றலாம் என்றே எழுதியிருக்கிறார்கள். அவர்களை நோக்கி வேண்டுவதைத்தான் விலக்கினார்கள். மரித்தோருக்காக ஒருவன் தன் வீட்டில் வேண்டிக்கொள்வது பாவமல்ல என்று லூத்தரே 1528-ம் ஆண்டில் எழுதினார்.

மற்றவர்கள் இன்னும் தூரம் போனார்கள். ஜெனீவா நகரத்தில் 1550-ம் ஆண்டில் ஞாயிற்றுக்கிழமை தவிர மற்றத் திருநாட்களெல்லாம் நிறுத்தப்பட்டன. இங்கிலாந்தில் 1549-ம் ஆண்டு ஜெபப் புத்தகத்தில் மரித்தோருக்கான வேண்டுதல் இருந்தது. 1552-ம் ஆண்டுப் புத்தகத்தில் அதை எடுத்துவிட்டார்கள். 1645-ம் ஆண்டு அந்நாட்டுப் பார்லிமெண்டு ஏற்படுத்திய ஆராதனை ஒழுங்கின்படி, திருநாட்களுக்கு வேதத்தில் ஆதாரமில்லை என்று அவை தள்ளப்பட்டதுமன்றி, சவத்தைச் சடங்கு ஏதுமின்றி அடக்கம் செய்யவேண்டும், குழியருகில் முழந்தாளிட்டு ஜெபிப்பதும் கூடாது என்றும் விதிக்கப்பட்டது. அவர்களில் அமெரிக்காவில் குடியேறிய ஒரு கூட்டத்தார், கர்த்தர் பிறந்த நாளைக் கொண்டாடுகிறவனுக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் என்று மாசசூசெட்ஸ் நாட்டில் 1659-ம் ஆண்டு சட்டம் செய்தார்கள். அது 1681-ல்தான் நீங்கியது.

இவர்கள் ஏன் இப்படிச் செய்தார்கள்? கொலோசேயருக்கு அர்ச். சின்னப்பர் எழுதின நிருபம் 2-ம் அதிகாரத்தில், பண்டிகையையும் அமாவாசையையும் ஓய்வு நாளையும் குறித்து உங்களை ஒருவனும் குற்றப்படுத்த விடாதீர்கள் என்று சொல்லும் கருத்தை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அதே அப்போஸ்தலர் உரோமையருக்கு எழுதின நிருபம் 14-ம் அதிகாரத்தில், நாளைப் பாராட்டுகிறவன் ஆண்டவருக்கென்று பாராட்டுகிறான் என்றும், சகோதரனை இகழாதே, தீர்ப்பிடாதே என்றும் சொல்லுகிறார். திருநாளை விட்டவர்களும் அதை வைத்துக்கொண்டவர்களும் இந்த இரண்டாம் வாக்கியத்தை நெடுங்காலம் மறந்திருந்தோம்.

நம் காவேரிக் கரையில்

இந்த மறதி நம் சோழ நாட்டுக்கும் வந்தது. 1706-ம் ஆண்டு ஜூலை 9-ந் தேதி சீகன்பால்க், புளுட்சோ என்னும் இரண்டு லூத்தரன் குருமார் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். 1718-ம் ஆண்டில் அங்கே புதிய எருசலேம் ஆலயம் அபிஷேகமாயிற்று. அதற்கு முன்னரே காவேரிக் கரையோரங்களில் கத்தோலிக்க விசுவாசிகள் இருந்தார்கள். இரண்டு கூட்டத்தாரும் அடுத்தடுத்த ஊரில் வாழ்ந்து, ஒரே ஆற்றுத் தண்ணீரைக் குடித்து, ஒருவரையொருவர் ஏசிக்கொண்டார்கள். அவர்கள் நம்மைப் பாப்பு மார்க்கத்தார் என்றார்கள். நாம் அவர்களைப் பதிதர் என்றோம். தேம்பாவணி பாடிய நம் வீரமாமுனிவர்கூட அவர்களைக் கண்டித்து “வேத விளக்கம்”, “லுத்தேரினத்தியல்பு” முதலிய நூல்களை எழுதினார். அக்காலத்து வாதம் அப்படிப்பட்டது. சத்தியத்தைக் காக்க எழுந்த வைராக்கியத்தை மதிப்போம். ஏச்சை அவர்களோடு அடக்கம் செய்துவிடுவோம்.

பின்பு 1750-ம் ஆண்டில் இந்நாட்டுக்கு வந்த சுவார்ட்ஸ் ஐயர், 1778-ம் ஆண்டிலிருந்து தஞ்சாவூரிலே தங்கி, 1798-ம் ஆண்டு பெப்ருவரி 13-ந் தேதி இறந்தார். அவரிடத்தில் அன்பு வைத்திருந்த சரபோஜி மன்னர், சிவகங்கைச் சிறு கோட்டையிலுள்ள ஆலயத்தில் ஒரு சலவைக்கல் நினைவுச்சின்னம் வைக்கச் செய்தார். இங்கிலாந்தின் பிளாக்ஸ்மன் என்னும் சிற்பி செதுக்கியது அது. மரணப் படுக்கையில் குருவானவர் கிடக்க, மன்னர் அருகில் நிற்பதை இன்றும் அங்கே காணலாம். அர்ச்சியசிஷ்டவர்களின் உருவங்கள் வேண்டாமென்ற சபையின் ஆலயத்திலேயே, ஒரு நல்ல மேய்ப்பனின் மரணத்தை மறக்கக்கூடாதென்று கல்லில் எழுதி வைத்தார்கள். இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. நல்ல மரணத்தை நினைவுகூர வேண்டுமென்கிற ஆசை மனுஷ இருதயத்தில் சர்வேசுரனே வைத்தது என்பதற்காகச் சொல்லுகிறேன்.

சுவார்ட்ஸ் ஐயர் வளர்த்த பிள்ளை தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774-ம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, தஞ்சாவூரில் வாழ்ந்து, 1864-ல் மரித்தவர். “பெத்லகேம் குறவஞ்சி” பாடிய புலவர். அவருடைய தகப்பனார் முதலில் கத்தோலிக்கராயிருந்தவர். 1820-களின் கடைசியில், பின்வந்த மிஷனரிமார் சிலர் சபையின் பழைய வழக்கங்களை மாற்றப் புகுந்தபோது, சாஸ்திரியார் எதிர்த்து எழுதினார். அவர் முறையிட்டவற்றில் ஒன்று, தமிழ்க் கீர்த்தனைகளை ஆராதனையிலிருந்து விலக்கியது. இன்னொன்று, திருவிழாச் சமயங்களில் பூக்களை விலக்கியது. அவர் தாங்கிப் பேசிய எல்லாவற்றையும் நாம் ஒப்புக்கொள்ள முடியாது. கோவிலில் சாதிவாரியாய்ப் பிரிந்து உட்காரும் வழக்கத்தையும் அவர் தாங்கிப் பேசினார், அது தவறு. ஆனால் பூவையும் பாட்டையும்பற்றி அந்தப் புலவர் அடைந்த வருத்தம் நியாயமானது. சந்தோஷத்திலும் துக்கத்திலும் பூ வேண்டும் நம் ஜனங்களுக்கு. அதை எடுத்துவிட்டால் கை வெறுமையாய் நிற்கும்.

திரும்பி ஏற்றிய விளக்கு

அந்தக் கை வெறுமையாய் நிற்கவில்லை. பிரஷ்யா தேசத்தில் மரித்தோருக்கென்று ஒரு நாள் இல்லாத குறையைப் புரோட்டஸ்டாண்டு அரசர் மூன்றாம் பிரெடெரிக் வில்லியம் உணர்ந்து, திருவருகைக் காலத்துக்கு முந்தின கடைசி ஞாயிற்றுக்கிழமையை இறந்தோர் ஞாயிறாக 1816-ம் ஆண்டில் ஏற்படுத்தினார். நவம்பர் 2-ஐ வாசல் வழியாய் அனுப்பினார்கள். அதே நவம்பர் மாதத்தில் அது வேறு பெயரோடு ஜன்னல் வழியாய் வந்தது.

இங்கிலாந்தில் முதல் உலக யுத்தம் இதைச் செய்தது. எந்த வீட்டிலும் ஒரு பிள்ளை போய்விட்ட அந்நாட்களில், தாய்மார் தங்கள் குருமாரிடத்தில் வந்து, என் மகனுக்காக நான் ஜெபிக்கலாமா என்று கேட்டார்கள். கூடாது என்று சொல்ல எந்தக் குருவுக்கு மனம் வரும்? 1917-ம் ஆண்டில் அந்தச் சபையார் வெளியிட்ட ஜெபங்களில் மரித்தோருக்கான வேண்டுதலும் இடம் பெற்றது. இன்று, 2000-ம் ஆண்டில் வந்த அவர்களுடைய ஆராதனைப் புத்தகத்தில், நவம்பர் 2-ந் தேதி மரித்த விசுவாசிகளை நினைவுகூரும் நாள் என்றே அச்சிட்டிருக்கிறது. கர்த்தர் பிறந்த நாளை நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்த ஸ்காட்லாந்திலும் 1958-ம் ஆண்டிலிருந்து அந்நாள் பொது விடுமுறை. தேவமாதாவின் ஆகஸ்டு 15-ந் தேதியையும், அமெரிக்காவில் லூத்தரன் சபையார் 1978-லும் ஆங்கிலிக்கன் வழியார் 1979-லும் ஆண்டவரின் தாயாரை நினைவுகூரும் நாளாகத் தங்கள் பஞ்சாங்கத்தில் எழுதிக்கொண்டார்கள்.

நம் நாட்டில் 1947-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி தென்னிந்தியத் திருச்சபை ஏற்பட்டபோது, திருநாட்களை வைத்திருந்த ஆங்கிலிக்கன் வழியாரும், அவற்றை ஒதுக்கிப் பழகிய பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் வழியாரும் ஒரே வீட்டுக்குள் வந்தார்கள். நம் பக்கத்தில் அவர்களுடைய திருச்சி–தஞ்சாவூர் திருமண்டலம் இருக்கிறது. அவர்கள் லெந்து நாட்கள் என்று சொல்லித் தபசுகாலத்தை ஆசரிப்பதை நீங்கள் அறிவீர்கள். தரங்கம்பாடி வழிவந்த லூத்தரன் சபையாரோ, தங்கள் முதற் குருமார் கரையிறங்கிய முந்நூறாம் ஆண்டை 2006-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் திருவிழாவாகவே கொண்டாடினார்கள். முன்னோரை நினைவுகூர்ந்து நன்றி செலுத்த ஒரு நாள் வேண்டும் என்பதை அவர்களும் உணர்ந்திருக்கிறார்கள்.

நம் பக்கத்திலும் மாறுதல் உண்டு. 1963-ம் ஆண்டு டிசம்பர் 4-ந் தேதி இரண்டாம் வத்திக்கான் சங்கம், அர்ச்சியசிஷ்டவர்களின் திருநாட்கள் ஆண்டவருடைய இரட்சணியத் திருநாட்களை மறைத்துவிடலாகாது என்று ஒழுங்கு செய்தது. 1964-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி அதே சங்கம், அவர்களைப் பிரிந்த சகோதரர் என்று அழைக்கக் கற்பித்தது. பதிதர் என்ற சொல்லை நாம் கீழே வைத்தோம். 1969-ம் ஆண்டில் நாம் மூன்று வருஷச் சுற்றாக வேத வாசகங்களை ஒழுங்குபடுத்தினோம். அதை மாதிரியாகக்கொண்டு புரோட்டஸ்டாண்டு சபைகள் பலவும் 1983-லும் 1992-லும் தங்கள் வாசகங்களை அமைத்துக்கொண்டன. 1999-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி, அதே சீர்திருத்த நாளில், அவுக்ஸ்புர்க் பட்டணத்திலேயே, மனிதன் சர்வேசுரனுடைய அருளினால் நீதிமானாகிறான் என்னும் சத்தியத்தைப்பற்றி இரு திறத்தாரும் பொது உடன்படிக்கையில் கையொப்பமிட்டார்கள். 2016-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி பிரான்சிஸ் பாப்பரசர் சுவீடன் தேசத்து லுண்ட் நகருக்குச் சென்று லூத்தரன் தலைவர்களோடு ஒன்றாய் ஜெபித்தார். எந்த நாளில் பிரிந்தோமோ அந்த நாளே ஒன்றாய் முழந்தாளிடும் நாளாயிற்று.

ஆனாலும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினையாதேயுங்கள். ஒரே நற்கருணைப் பந்தியில் அமரும் காலம் இன்னும் வரவில்லை. திருநாட்களே வேண்டாமென்று சொல்லும் சபைகளும் நம் ஊர்களில் இருக்கின்றன. கல்லறைக்கு வரும் சகோதரரிலும் பெரும்பாலோர், “மரித்தவருக்காக நாங்கள் நன்றி செலுத்துகிறோம், உயிர்த்தெழுதலை நம்புகிறோம், ஆனால் அவருக்காக வேண்டுவதில்லை” என்பார்கள். மெழுகுவர்த்தி ஒன்று; அதை ஏற்றும் கருத்தில் பாதி ஒன்று, பாதி வேறு. இதை அறிந்தே நாம் பேசவேண்டும்.

ஒரு வீட்டில் நடந்தது

பெயரும் ஊரும் வேண்டாம். ஒரு கத்தோலிக்க வீட்டில் லூத்தரன் குடும்பத்துப் பெண் மருமகளாய் வந்தாள். மாமனார் மரித்த வருஷம் கல்லறைத் திருநாளில் எல்லாரும் போனார்கள். பூ வைத்தார்கள், வர்த்தி ஏற்றினார்கள். சுவாமியார் மந்திரித்துப் போனதும் மகன்மார் மூன்று பேரும் தோட்டத்துக்கு வெளியே டீக்கடைக்குப் போய்விட்டார்கள். மாமியாரும் மருமகளும் மாத்திரம் நின்றார்கள்.

மருமகள் கேட்டாள்: “அத்தை, மாமா கர்த்தரிடத்துக்குத்தானே போயிருக்கிறார்? இனிமேல் நாம் வேண்டிக்கொண்டு அவருக்கு என்ன ஆகப்போகிறது?”

மாமியாருக்குப் பதில் வரவில்லை. “வழக்கம் அம்மா. நீ பூவைப் போடு” என்றாள்.

மருமகள் பூவைப் போட்டாள். பிறகு தன் பையிலிருந்து வேதப் புத்தகத்தை எடுத்து, கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபத்தின் 15-ம் அதிகாரத்தை, உயிர்த்தெழுதலைப்பற்றிய பகுதியை, நிதானமாய் வாசித்தாள். மாமியார் அழுதுகொண்டே கேட்டாள். வாசித்து முடிந்ததும், இருவரும் பரலோக மந்திரத்தைச் சொன்னார்கள். அது இரு சபையாருக்கும் பொது ஜெபமல்லவா?

சகோதரரே, அந்தக் கல்லறையில் அன்று திருநாளை ஆசரித்தவர் யார்? டீக்கடையில் நின்ற மூன்று கத்தோலிக்கரா? அந்தப் பெண் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. பதில் இல்லாமற்போனது நம் குற்றம்.

அவளுக்குச் சொல்லவேண்டிய பதில் இதுதான். மாமா சேசுநாதர் கையில் இருக்கிறார் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. உத்தரிக்கிற ஸ்தலம் என்பது தப்பிப்பிழைக்க இன்னொரு வாய்ப்பு அல்ல. இரட்சிக்கப்பட்டவர்கள் சுத்தியாகும் நிலை. அறுத்த நெல்லை நேரே உலையில் போடுவதில்லை. காயவைத்துத் தூற்றிப் பதர் நீக்கியே குதிரில் சேர்க்கிறோம். பதர் நீக்குவது நெல்லை வெறுத்தல்ல. அது வீட்டுக்கு உரியது என்பதாலேயே. பதினாறாம் ஆசீர்வாதப்பர் 2007-ம் ஆண்டில் நம்பிக்கையைப்பற்றி எழுதிய நிருபத்தில், ஆத்துமாவைச் சுட்டுச் சுத்தி செய்யும் நெருப்பு கிறீஸ்து நாதரே என்னும் கருத்தை எடுத்துக் காட்டி, ஒருவருடைய வாழ்வு மற்றவருடைய வாழ்வோடு பின்னியிருப்பதால் நம் ஜெபம் மரித்தவருக்கும் உதவும் என்று விளக்கினார்.

இது புதுக் கொள்கையும் அல்ல. யூதாஸ் மக்கபே என்னும் தளகர்த்தர், யுத்தத்தில் விழுந்தவர்களுக்காகப் பணம் சேர்த்து எருசலேமுக்குப் பலி செலுத்த அனுப்பினதை மக்கபே இரண்டாம் ஆகமம் 12-ம் அதிகாரம் சொல்லுகிறது. புரோட்டஸ்டாண்டு சகோதரர் அந்த ஆகமத்தை வேதத்தோடு சேர்ப்பதில்லை. ஆயினும் கர்த்தர் வருவதற்கு முன்பே யூதர் இப்படி வேண்டினார்கள் என்பதற்கு அது சாட்சி. அர்ச். மோனிக்கம்மாள் 387-ம் ஆண்டு மரணப் படுக்கையில், தன் உடலை எங்கே புதைத்தாலும் சரி, பீடத்தருகில் மாத்திரம் தன்னை நினைத்துக்கொள்ளும்படி தன் மகன் அகுஸ்தீனாரிடம் கேட்டுக்கொண்டாள். கிளூனி மடத்துத் தலைவர் அர்ச். ஓதிலோன் 998-ம் ஆண்டு வாக்கில் நவம்பர் 2-ந் தேதியை ஏற்படுத்துமுன்னரே, ஒரு தாயின் கேள்வியில் இந்தத் திருநாள் இருந்தது.

நாம் செய்யவேண்டியது

பிரியமானவர்களே, திருநாட்களை ஒருகாலத்தில் இழந்தவர்கள் அவற்றைத் தேடி எடுத்துக்கொள்ளுகிறார்கள். எடுத்துக்கொள்ளும்போது வேதப் புத்தகத்தோடு எடுத்துக்கொள்ளுகிறார்கள். இழக்காமல் வைத்திருந்த நாமோ, உள்ளிருக்கிற பருப்பை விட்டு ஓட்டை மாத்திரம் காத்துவருகிறோமா என்று பயப்படவேண்டும். இந்தக் கல்லறைத் திருநாளுக்கு நாம் செய்யத்தக்கவை சில:

முதலாவது, திவ்விய பூசை. நவம்பர் 2-ந் தேதி ஒவ்வொரு குருவும் மூன்று பூசை செய்யலாமென்று பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் 1915-ம் ஆண்டில் உத்தரவு கொடுத்தார். கல்லறைக்கு வந்து பூசைக்கு வராதவன், தகப்பன் வீட்டு வாசல்வரையில் வந்து தகப்பனைப் பாராமல் திரும்புகிறவன்.

இரண்டாவது, நவம்பர் 1 முதல் 8 வரையில் கல்லறைத் தோட்டத்தைச் சந்தித்து, மனதிலாவது மரித்தோருக்காக வேண்டிக்கொள்பவர் ஆத்துமாக்களுக்காகப் பரிபூரணப் பலன் பெறலாம். அதற்குப் பாவசங்கீர்த்தனம், நற்கருணை, பாப்பரசரின் கருத்துக்காக ஜெபம், பாவப்பற்றை விடுதல் ஆகியவை வேண்டும். காசு வேண்டியதில்லை. இதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். லூத்தர் கேட்ட கேள்விக்கு நம் நடத்தையால் பதில் சொல்லுவோம்.

மூன்றாவது, கடன் வாங்கிக் கல்லறையை அலங்கரியாதேயுங்கள். பக்கத்துக் கல்லறையைவிட நம்முடையது உயரமாயிருக்க வேண்டுமென்கிற போட்டி மரித்தவருக்குப் பிரயோசனமில்லை. யாருமில்லாத கல்லறை ஒன்றை ஒவ்வொரு குடும்பமும் சுத்தம் செய்து, அங்கே ஒரு வர்த்தி ஏற்றட்டும்.

நான்காவது, சொல்லக் கூசும் ஒன்றைச் சொல்லவேண்டும். மரித்தவர்களையும் சாதியாய்ப் பிரித்துச் சுவர் எழுப்பின கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டங்கள் நம் தமிழ்நாட்டில் இருந்ததை யாரும் மறுக்க முடியாது. சாஸ்திரியாரின் குற்றத்தைச் சொன்ன வாயால் நம் குற்றத்தையும் சொல்லவேண்டும். சகல அர்ச்சியசிஷ்டவர்கள் என்று நவம்பர் 1-ந் தேதி பாடி, 2-ந் தேதி சுவருக்கு இப்பாலும் அப்பாலும் நிற்பவர்களுக்கு அந்தத் திருநாளின் பெயரே சாபமாகும். கல்லில் கட்டின சுவர் இல்லாத இடத்திலும் மனதில் கட்டினது இருந்தால், இந்த வாரம் அதை இடித்துப்போடுங்கள்.

ஐந்தாவது, நம் தோட்டத்துக்கு வரும் பிரிந்த சகோதரரை எப்படி ஏற்றுக்கொள்வது என்பது. ஜெயித்தவன் தோற்றவனைப் பார்ப்பதுபோல் பாராதேயுங்கள். துக்க வீட்டுக்கு வந்த சொந்தக்காரரைப்போல் ஏற்றுக்கொள்ளுங்கள். அவர்கள் வேதம் வாசிக்க விரும்பினால் வாசிக்கச் சொல்லி நீங்களும் கேளுங்கள். பரலோக மந்திரத்தை ஒன்றாய்ச் சொல்லுங்கள். நாம் செபமாலை சொல்லும்போது அவர்கள் மௌனமாய் நின்றால் அதைக் குறையாய்ப் பேசாதேயுங்கள். அவர்கள் கேள்வி கேட்டால், வழக்கம் என்று சொல்லிவிடாமல், விசுவாசத்தைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் சுவாமியாரிடம் கேட்டுச் சொல்லுங்கள். நாமும் அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தில் நம் உறவினர் படுத்திருந்தால், அங்கே போய் நின்று வேண்டிக்கொள்ள வெட்கப்படவேண்டாம்.

சேற்றில் நாற்றை ஊன்றிவிட்டுக் கரையேறுகிற குடியானவன் துக்கப்படுவதில்லை. தை மாதத்தில் வந்து பார்ப்போம் என்று போகிறான். நம் மரித்தோரையும் இந்தக் காவேரி மண்ணில் அப்படியே ஊன்றியிருக்கிறோம். ஒரு கல்லறையில் கத்தோலிக்கன் என்றும் இன்னொன்றில் லூத்தரன் என்றும் எழுதியிருக்கலாம். எக்காளம் தொனிக்கும் நாளில் ஒரே ஆண்டவர் வந்து அறுப்பார்.

ஜெபிப்போமாக: ஜீவனும் உயிர்த்தெழுதலுமாகிய சேசுவே, எங்கள் பெற்றோர், உற்றார், எங்களுக்கு விசுவாசம் போதித்த குருக்கள், நினைக்க ஆளில்லாத ஆத்துமாக்கள் எல்லாருக்கும் நித்திய இளைப்பாற்றியைத் தந்தருளும். எங்களைவிட்டுப் பிரிந்த சகோதரரையும், அவர்களைவிட்டுப் பிரிந்த எங்களையும், நீர் விரும்பும் நாளில் நீர் விரும்பும் வழியாய் ஒரே பந்தியில் சேர்த்தருளும். ஆமென்.